ஊரே ஆடிய சீசன்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து உறவுகளுக்கு, மிச்சிகன் மாநிலம் கேன்டனிலிருந்து வணக்கம்.

பாடியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் லேத் சத்தம் கேட்டு வளர்ந்த எத்தனையோ பேர் இன்று டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கார் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கும்போது, செப்டம்பர் பிறந்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சனிக்கிழமை ஆனா ஏன்ப்பா எல்லாரும் நீலமும் மஞ்சளுமா சட்டை போட்டுக்கிட்டுத் திரியறாங்க?" அதற்குப் பதிலாக எழுதப்படுவதுதான் இந்த மடல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 2023-ல் ஆடிய சீசனைச் சொன்னால் பதில் தானாக விளங்கும்.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் பெரிய நகரமல்ல. மக்கள்தொகை ஏறக்குறைய 1.2 லட்சம். 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூரின் மக்கள்தொகையே 4.66 லட்சம். ஆனால் ஆன் ஆர்பரில் 1927-ல் திறக்கப்பட்ட கல்லூரி ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 1975 முதல், கொரோனா ஆண்டைத் தவிர, அங்கே நடந்த ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். ஆடுபவர்கள் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள்.

ஆட்டம் புரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பக்கத்துக்கு 11 பேர், 100 கஜ மைதானம். பந்து கையில் இருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து கைமாறிவிடும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. பந்தோடு ஓடுபவர் பெயர்தான் பேப்பரில் வரும். அவருக்கு வழி திறந்துவிட முன்வரிசையில் ஐந்து பேர் மல்லுக்கு நிற்பார்கள். கபடியில் ரெய்டருக்குக் கைதட்டல் கிடைக்க, காலை வாரிப் பிடித்த கார்னர்காரரை யாரும் கவனிக்காமல் போவோமே, அந்த நிலைதான் அவர்களுக்கும்.

2020-ல் இந்த அணி ஆறு ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. 2021, 2022 இரண்டு ஆண்டும் அரையிறுதிவரை வந்து தோற்றது. தேசியப் பட்டம் கடைசியாகக் கிடைத்தது 1997-ல்; அதையும் நெப்ராஸ்காவோடு பங்கு போட வேண்டியிருந்தது. எனவே பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் பிளேக் கோரம், முன்வரிசை வீரர் ஜாக் ஜின்டர் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் இன்னொரு வருடம் கல்லூரியிலேயே தங்கியது ஊருக்கே பெரிய செய்தியாகிவிட்டது.

அந்த வருடம் சுலபமாக இருக்கவில்லை. ஆள் சேர்ப்பு விதிமீறல் புகாருக்காகப் பல்கலைக்கழகமே தலைமைக் கோச் ஜிம் ஹார்பாவை முதல் மூன்று ஆட்டங்களுக்கு ஒதுக்கி வைத்தது. அக்டோபரில் அதைவிடப் பெரிய புகார் கிளம்பியது. எதிர் அணிகள் சைகையில் பேசிக்கொள்வதை, அவர்களுடைய மைதானங்களுக்கே ஆள் அனுப்பிப் படமெடுக்க அணியின் ஊழியர் ஒருவர் ஏற்பாடு செய்தார் என்பது குற்றச்சாட்டு. நவம்பர் 10 அன்று, பென் ஸ்டேட்டுடனான ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஹார்பாவுக்கு மேலும் மூன்று ஆட்டத் தடை விழுந்தது. 2025 ஆகஸ்டில் முடிவான தீர்ப்பில் பல்கலைக்கழகத்துக்குப் பெருந்தொகை அபராதமும் வந்தது. அந்த சீசனில் வென்ற பட்டம் பறிக்கப்படவில்லை என்றாலும் கறை கறைதான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையை ஊருக்குச் சொல்வது முறையல்ல.

கோச் இல்லாமல் போய்ச் சேர்ந்த அணி பென் ஸ்டேட்டில் என்ன செய்தது என்பது இன்னும் பேசப்படுகிறது. பொறுப்பு கோச்சாக நின்றவர் ஷெரோன் மூர். பந்தை எறிவதையே விட்டுவிட்டு, முப்பது முறைக்கு மேல் தொடர்ந்து ஓடச் சொன்னார். எதிரணிக்கும் தெரியும் ஓடப்போகிறார்கள் என்று. தடுக்க முடியவில்லை. 24-15. முடிந்ததும் தொலைக்காட்சி மைக் முன்னால் மூர் தேம்பி அழுதார்.

நவம்பர் 25 அன்று பரம வைரியான ஒஹையோ ஸ்டேட் ஆன் ஆர்பருக்கு வந்தது. 1 லட்சத்து 10 ஆயிரம் பேர் திரண்டிருந்தார்கள். மூன்றாம் கால் பகுதி, 17-17. ஒரு மோதலில் ஜின்டரின் கால் முறிந்தது. அத்தனை பெரிய கூட்டம் மூச்சு விடாமல் நிற்க, இரண்டு அணி வீரர்களும் முழங்காலிட்டுச் சூழ, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு அடுத்த முயற்சியிலேயே கோரம் பந்தை வாங்கி 22 கஜம் ஓடி எல்லையைத் தாண்டினார். தாண்டியவுடன் விரல்களால் ஆறு, ஐந்து என்று காட்டினார். ஜின்டரின் சட்டை எண் 65. முன்வரிசைக்காரரின் எண்ணை அன்று ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆட்டம் முடிய 25 விநாடி இருக்கையில் மிச்சிகன் வீரர் ராட் மூர் எதிரணி எறிந்த பந்தைப் பறித்தார். 30-24.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். 2024 ஜனவரி 1, அரையிறுதியான ரோஸ் பவுல் ஆட்டத்தில் அலபாமாவிடம் 20-13 எனப் பின்தங்கி, கடைசி நேரத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 27-20. ஜனவரி 8, ஹியூஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 34-13 என வென்று தேசியப் பட்டம். பதினைந்து ஆட்டம், பதினைந்து வெற்றி. அவற்றில் ஆறில் தலைமைக் கோச் மைதானத்திலேயே இல்லை.

இந்த ஆட்டத்தை அம்பத்தூரில் ஆடுங்கள் என்று கேட்க இந்த மடல் எழுதப்படவில்லை. ஆட்டம் உடம்பை உருக்குலைக்கும். 2017-ல் வெளியான பாஸ்டன் ஆய்வில், தானமாகத் தரப்பட்ட மூளைகளில் கல்லூரி அளவுவரை ஆடிய 53 பேரில் 48 பேருக்குத் தலையில் பட்ட அடிகளோடு தொடர்புடைய மூளைச் சிதைவு காணப்பட்டது. பாதிப்பைச் சந்தேகித்த குடும்பங்கள் தந்தவை அவை என்பதால் எல்லா வீரர்களுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் கவலைப்பட வைக்கும் எண். பணமும் அப்படித்தான். கோச்சுகள் கோடிகளில் வாங்க, 2021 ஜூலை வரை மாணவ வீரர்கள் தங்கள் பெயரை வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கத் தடை இருந்தது.

ஆட்டத்தை மட்டும் இறக்குமதி செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2012-ல் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று தொடங்கினார்கள். அதில் 'சென்னை ஸ்வார்ம்' என்றொரு அணியே இருந்தது. ஆடியதோ கொழும்பில், காட்டியதோ தொலைக்காட்சியில். சென்னை பெயரைத் தாங்கிய அணியைச் சென்னைக்காரர்கள் நேரில் பார்க்கவே இல்லை. அந்த லீக் வேரூன்றாமல் போனதில் வியப்பில்லை.

கேட்க விரும்புவது வேறு. நம் பக்கத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ஆவடியில் வேல்டெக், பூந்தமல்லிப் பக்கம் பனிமலர், எஸ்.ஏ. பொறியியல் கல்லூரி என்று பஸ் ரூட் நெடுகக் கல்லூரிகள்தான். கபடி, வாலிபால், கால்பந்து, கோ-கோ என்று மாணவர்கள் மண்டலப் போட்டிகளில் ஆடிக்கொண்டும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பார்ப்பது யார்? பி.டி. மாஸ்டர், எதிரணி, மர நிழலில் நாலு சிநேகிதர்கள். அடுத்த தெருவில் இருப்பவருக்குச் சேதி தெரியாது, தெரிந்தாலும் கேட்டில் செக்யூரிட்டி விடமாட்டார்.

ஊர் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்று நம் வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில் படித்த குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனார். பாடியிலிருந்து செஸ் வீரர் பிரக்ஞானந்தா வந்தார். பள்ளியும் பெற்றோரும் பல வருடம் தோள் கொடுத்ததால் வந்தவர்கள் அவர்கள். அந்த ஆதரவில் கொஞ்சம், உலகப் பட்டம் வாங்கப் போகாத நம் கல்லூரி வாலிபால் அணிக்கும் கிடைக்கட்டும்.

கல்லூரி முதல்வர்களே, அடுத்த போட்டி எப்போது, எந்த மைதானத்தில் என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு பேனர் வையுங்கள். அன்று மாலை மட்டும் ஊர்க்காரர்களுக்குக் கேட்டைத் திறந்துவிடுங்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தாரே, பொங்கல் விளையாட்டுக்கு வசூலிப்பதில் ஒரு பகுதியை அந்த அணியின் ஷூவுக்கும் ஜெர்சிக்கும் ஒதுக்குங்கள். டெட்ராய்ட் பக்கத்து அம்பத்தூர், ஆவடிக்காரர்களும் பங்கு தருவார்கள். எந்தக் கல்லூரி, எந்த அணி, எத்தனை ஜோடி ஷூ என்று எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
கேன்டனிலிருந்து ஓர் அம்பத்தூர்க்காரர்