கொலோசியமும் பார்த்தோம், கிட்டங்கியும் பார்த்தோம்

நான் ரோமாபுரிக்குப் போய் வந்த செய்தி தெரிந்ததும் சங்கக் கூட்டத்தில் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, அங்கே மிளகு என்ன விலை?" என்பதுதான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இன்றைய விலை அல்ல, ஏறத்தாழ 1,950 ஆண்டுகளுக்கு முந்தைய விலை. ஒரு ரோமானிய ராத்தல், அதாவது நம் கணக்கில் சுமார் 330 கிராம், கருமிளகு 4 வெள்ளிக்காசு, வெள்ளை மிளகு 7, திப்பிலி 15. பிளினி என்ற ரோமானிய அறிஞர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று இந்த மிளகுக்கு இப்படி அலைகிறார்கள் என்று அவருக்கு ஒரே அங்கலாய்ப்பு. வாங்குகிறவர் அங்கலாய்ப்பது அன்றும் இருந்திருக்கிறது!

நம்மில் பலர் இப்போது குடும்பத்துடன் வெளிநாட்டுச் சுற்றுலா போகிறோம். நாற்பது வருஷம் கல்லாவை விட்டு எழுந்திருக்காதவர்கள் பத்து நாள் வெளியே போய் வருவதில் தவறே இல்லை. என் வருத்தமெல்லாம், போகிற இடத்தில் ராஜா கட்டியதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோமே என்பதுதான். அந்த ஊர் வியாபாரி எங்கே சரக்கு வைத்தான், எப்படி அளந்தான் என்று யாரும் காட்டுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

என் மகளும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் வேலையில் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் அவர்கள் ஏற்பாட்டில் நானும் வீட்டம்மாவும் பேரனும் ரோமுக்குப் போனோம். மூத்தவன் இங்கே கடையைப் பார்த்துக்கொண்டான்.

முதல் நாள் கொலோசியம். கி.பி. 80-இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்கம். வழிகாட்டி சிங்கம், புலி, வாள்சண்டை என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். எனக்கு மனதில் நின்றது வாசல்கள்தான். கீழ்த்தளத்தில் சுற்றிலும் 80 வளைவுகள். மக்கள் நுழைந்த வாசல்களுக்குத் தலைக்கு மேல் எண் வெட்டியிருக்கிறார்கள். சில எண்களை இன்றும் வாசிக்கலாம். ஆயிரக்கணக்கான ஜனம் நெரிசல் இல்லாமல் வந்து போக அன்றே கணக்குப் போட்டிருக்கிறான். மறுநாள் பாந்தியன் கோயில். 5 யூரோ கட்டணம். கூரையின் உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு வட்டமாகத் திறந்தே விட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் உள்ளேதான் விழும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

பழைய ரோமின் நடுவில் போரம் என்ற இடத்தில், இடிந்த மண்டபங்களுக்கு இடையில் போய்க்கொண்டிருந்தபோது, மகள் தன் கைப்பேசியில் படித்துச் சொன்னாள்: "அப்பா, இந்தப் பெரிய மண்டபத்துக்கு அடியில் மிளகுக் கிட்டங்கி இருந்ததாம்." மாக்சென்டியஸ் மண்டபம் எழுவதற்கு முன்பு, முதல் நூற்றாண்டின் கடைசியில் டொமிஷியன் என்ற சக்கரவர்த்தி கட்டிய மிளகு, வாசனைச் சரக்குப் பண்டகசாலை அது. நம் மேற்குக் கடற்கரையில் முசிறியிலிருந்து கப்பல் ஏறிய மிளகு அங்கேதான் போய் இறங்கியிருக்கும். அதற்கு அவன் கொடுத்த காசு நம் கரூர், கோயம்புத்தூர்ப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கிறது. வழிகாட்டி அந்த இடத்தை நின்றுகூடப் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டார்.

அன்று இரவு மாப்பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னேன். நாளைக்கு வேறு ஏற்பாடு இருந்தாலும் பரவாயில்லை, வியாபாரிகள் இருந்த ஊர் பக்கத்தில் ஏதாவது உண்டா என்று. "இருக்கு மாமா, ஒஸ்தியா என்று ஒரு பழைய துறைமுகம். ரயிலில் அரை மணி நேரம்" என்றார். துணிக்கடைக்குப் போக வைத்திருந்த நாளை எனக்காக விட்டுக்கொடுத்தார்கள். மகளுக்கு அதில் சிறிது மனத்தாங்கல்தான்.

ஒஸ்தியாவில் நான் கண்டதை எப்படிச் சொல்வது? டைபர் ஆறு கொண்டுவந்த மண் சேர்ந்து சேர்ந்து, கடல் சுமார் மூன்று கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. துறைமுகம் செத்து, ஊர் மட்டும் நிற்கிறது. தெருவின் இரு பக்கமும் கடைகள். ஒரு சாப்பாட்டுக் கடையில் பளிங்குப் பலகை போட்ட மேடை, பாத்திரம் அடுக்கும் தட்டு, சுவரில் விற்ற பண்டங்களின் படம். "தாத்தா, நம்ம கடைத்தெரு மாதிரியே இருக்கு" என்றான் பேரன்.

நாடக அரங்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சதுக்கம். அதைச் சுற்றி மூன்று பக்கமும் சிறு சிறு அறைகள், ஏறத்தாழ அறுபது. ஒவ்வொன்றும் ஓர் ஊர் வணிகர், ஓர் ஊர்க் கப்பல்காரர் வைத்திருந்த அலுவலகம். வாசல் தரையில் கறுப்பு வெள்ளைக் கல் பதித்துப் படம் போட்டிருக்கிறார்கள். கப்பல், தானியம் அளக்கும் மரக்கால், ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு ஜாடி சுமக்கும் ஆள், ஆப்பிரிக்க வணிகர் அறைக்கு ஒரு யானை. பெயர்ப்பலகையும் அதுவே, விளம்பரமும் அதுவே. சங்கக் கட்டடம் கட்ட நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

அங்கே விற்ற புத்தகத்தில் இன்னொரு படம் பார்த்தேன். தானியம் அளப்பவர்களின் மண்டபத்துத் தரையில் உள்ளது. ஒருவன் மூடை சுமந்து வருகிறான். ஒருவன் கையில் மரக்காலைத் தலைதட்டும் கோல். ஒரு சிறுவன் கயிற்றில் கோத்த வில்லைகளை வைத்து எண்ணிக்கை பிடிக்கிறான். சரக்கு இறங்கும்போது நம் கணக்குப்பிள்ளை கோடு கிழிப்பாரே, அதே வேலைதான்.

தானியக் கிட்டங்கியில் தளத்தைத் தரையோடு போடவில்லை. குட்டைச் சுவர்கள் எழுப்பி, மேலே தளம் போட்டு, அடியில் காற்றுப் போக விட்டிருக்கிறார்கள். ஈரம் ஏறாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் அடியில் கட்டை போடாமல் அடுக்கி 40 மூடை உளுந்தைக் கெடுத்தவன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கடைசியாக ஒரு கிட்டங்கி வாசல். செங்கல் தூண்கள், மேலே பளிங்குப் பலகை, அதில் இரண்டு உரிமையாளர்களின் பெயர்: எப்பகாத்தஸ், எப்பஃப்ரோடிட்டஸ். ராஜாவோ மந்திரியோ அல்ல. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றுத் தொழிலில் முன்னேறியவர்கள் என்று கருதுகிறார்கள். கி.பி. 150 வாக்கில் கட்டியது. நான் அந்தப் பலகைக்குக் கீழே வெகுநேரம் நின்றுவிட்டேன். "ஏங்க, உடம்புக்கு என்ன செய்யுது?" என்று வீட்டம்மா பயந்துவிட்டாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. விருதுநகரில் என் தகப்பனார் 1951-இல் கட்டிய கிட்டங்கியை, இடம் போதவில்லை என்று 2003-இல் இடித்தவன் நான்தான். காரைச் சுவர், தேக்குக் கதவு. வாசலில் அவர் பெயர் எழுதிய இரும்புப் பலகையைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டேன். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. இடித்தது தவறு என்று சொல்ல மாட்டேன். வியாபாரம் பெருகினால் இடம் வேண்டும். பலகையை எடைக்குப் போட்டதற்கு மட்டும் சமாதானம் இல்லை.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் யாராவது பழைய கடையை இடித்துக் கட்டப் போகிறார் என்றால், ஒரு ஆளை அனுப்பி நான்கு படம் எடுத்துச் சங்கத்தில் வையுங்கள். பழைய பேரேடு, படிக்கல், மரக்கால் வேண்டாம் என்பவர்களிடம் கேட்டு வாங்கி, மாடியில் சும்மா கிடக்கும் அறையில் அடுக்குங்கள். செலவு அதிகம் ஆகாது. ஆகும் செலவில் முதல் பங்கு என்னுடையது.

ஊர் திரும்பியதும் பரணில் தேடிப் பார்த்தேன். அப்பா கையால் எழுதிய பேரேடுகள் மூன்று மிஞ்சியிருந்தன. ஓரம் செல் அரித்திருக்கிறது. சங்கத்தில் அறை தயாராகும்வரை வீட்டு இரும்பு பீரோவில் வைத்திருக்கிறேன். பட்டுப்புடவைகளுக்கு இடம் குறைந்துவிட்டதென்று வீட்டம்மாவுக்குக் கோபம்.