விடுதலைக்கு நாள் குறிக்காதீர்கள்: குடிநோய், துக்கம், சபை குறித்து எங்கள் நிலைப்பாடு

தூத்துக்குடி மில்லர்புரத்தில் வாரம் ஒருமுறை கூடும் சிறிய ஜெபக்குழு நாங்கள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று பல சபைகளிலிருந்து வருகிறோம். குடியை விட்டவர்கள், விட முயல்பவர்கள், குடிக்குக் கணவனையோ மகனையோ பறிகொடுத்தவர்கள், வேறு வகையில் ஆளை இழந்து இன்னும் தேறாதவர்கள் எங்களில் உண்டு. சபையாரிடமிருந்து இரண்டு கேள்விகள் எங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஜெபித்துக் குடியை விட்டவர் மறுபடி குடித்தால், அவருக்கு விசுவாசம் இல்லை என்று பொருளா? வருஷம் கழிந்தும் அழுகிறவர் உயிர்த்தெழுதலை நம்பாதவரா? இரண்டுக்கும் எங்கள் பதில் ஒன்றே: இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறோம், சபைகளிடம் என்ன கேட்கிறோம் என்பதை இந்த அறிக்கை சொல்கிறது.

முதலில் எங்கள் விசுவாசத்தைச் சொல்லிவிடுகிறோம், யாரும் தவறாக எண்ண வேண்டாம். கிறிஸ்து மனிதனைத் தேற்றுகிறார், எழுப்புகிறார் என்று நாங்கள் நம்புகிறோம். எங்களில் சிலர் இன்று உயிரோடு இருப்பதே அந்த நம்பிக்கையால்தான். மருத்துவரிடம் போக வெட்கப்பட்டவர் ஜெபத்துக்கு வந்தார். வந்த இடத்தில் தன்னைப் போன்ற இன்னொருவரைக் கண்டார். பிறகு மருத்துவரிடமும் போனார். ஆகவே ஜெபம் வேண்டாம் என்று சொல்லும் அறிக்கை அல்ல இது. ஜெபத்தின் பேரில் கெடு வைக்கும் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறோம்.

நம் கூட்டங்களில் சாட்சி சொல்லும் முறையைப் பாருங்கள். இத்தனாம் தேதி, இன்ன கன்வென்ஷனில், ஊழியக்காரர் தலையில் கை வைத்தார், அன்றோடு குடி போயிற்று என்று சொன்னால்தான் அது சாட்சி. தேதி இல்லாதவருக்கு மைக் கிடைப்பதில்லை. மூன்று மாதம் நிறுத்தி, ஒரு கல்யாண வீட்டில் சறுக்கி, வெட்கப்பட்டுத் திரும்பி வந்து, இப்போது ஆறு மாதமாக நிற்கிறவரின் கதையில் ஆண்டவர் வேலை செய்யவில்லையா? அதைவிட மோசம் ஒன்று உண்டு. மேடையில் சாட்சி சொன்னவர் மறுபடி சறுக்கினால், சபைக்குத் திரும்பி வர அவருக்கு முகமில்லை. குடித்ததை மறைக்கிறார், மறைப்பதற்காக இன்னும் குடிக்கிறார். சபை மேடையேற்றிய அதே சாட்சி அவரைச் சபையிலிருந்து விரட்டுகிறது.

இந்தக் கடற்கரையில் சபைக்கும் குடிக்கும் உள்ள வழக்கு பழையது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், 1544இல் தம் உதவியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், சாராயம் குடித்துப் பிடிபடும் பெண்களுக்குத் தண்டமும் காவலும் விதிக்கச் சொல்லியிருக்கிறார். அவரை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. அவர் காலத்தில் குடி ஒரு நோய் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு கழித்தும் நம் கையில் இருப்பது அதே தண்டம்தான். பணமாக வாங்குவதில்லை, அவ்வளவுதான். திருவிருந்திலிருந்து தள்ளிவைக்கிறோம், பாடற்குழுவிலிருந்து நீக்குகிறோம், மகள் கல்யாணத்துக்குச் சபைச் சான்று கேட்டு வருபவரை நிற்கவைத்து நாலு வார்த்தை சொல்கிறோம்.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ ஜெப இயக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு மேலாக இருந்தார். வேதம் வாசித்தார், ஜெபித்தார், குடித்தும் வந்தார். அந்த மே மாதம் பில் வில்சன் என்ற பங்குத் தரகர் அவரைச் சந்தித்தார். வில்சனும் குடித்துச் சீரழிந்தவர், அப்போதுதான் விட்டிருந்தவர். அவர் உபதேசம் செய்ய வரவில்லை; தான் மறுபடி குடிக்காமலிருக்க இன்னொரு குடிகாரரிடம் பேசியே ஆக வேண்டும் என்று தேடி வந்தார். பாப் குடியை விட்டார். சில வாரத்தில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். ஜூன் 10 அவர் கடைசியாகக் குடித்த நாள். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று இன்று உலகெங்கும் அறியப்படும் இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான். சறுக்கியவரை அன்றோடு தள்ளியிருந்தால் அந்த இயக்கமே இல்லை. 1957இல் அது மும்பைக்கு வந்தது. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் கணக்கில் எடுத்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2020இல் வெளிவந்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, முறையாக நடத்தப்படும் ஏ.ஏ. வழி மற்றச் சிகிச்சை முறைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தருகிறது என்று அது காட்டியது. அந்த வழியின் வேர் ஜெபக்கூட்டத்தில் இருக்கிறது என்பதில் எங்களுக்குச் சந்தோஷம் உண்டு. வெறும் ஜெபக்கூட்டமாக இருந்தவரை பாப் குடித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி உபவாச ஜெபம். இதில்தான் எங்களுக்குப் பயம் அதிகம்.

பல வருஷம் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆளைப் பார்ப்பார்கள், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், அலறுவார்கள், கட்டியிருப்பதைப் பிய்த்துக்கொண்டு ஓடுவார்கள். மருத்துவம் பார்க்காவிட்டால் இதில் உயிர் போகும். நம் வழக்கப்படி குடிகாரரை ஜெபவீட்டில் உட்காரவைப்பது எத்தனை நாள்? மூன்று நாள் உபவாசம். ஆபத்து உச்சத்துக்குப் போகும் அதே மூன்று நாள், சோறும் இல்லாமல். குடிநோயாளியின் உடம்பில் ஏற்கெனவே பி1 வைட்டமின் வற்றியிருக்கும். பட்டினி அதை இன்னும் வற்றடிக்கும். மூளை நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். அவர் அலறும்போது சுற்றி நிற்பவர்கள் பிசாசு வெளியேறுகிறது என்று சத்தமாக ஜெபிக்கிறார்கள். அது பிசாசு அல்ல, மருத்துவ அவசரம். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய ஊழியம் 108க்கு அழைப்பது.

எனவே எங்கள் நிலைப்பாடு: தினசரி குடிப்பவரை மருத்துவர் பார்க்காமல் எந்தச் சபையும், எந்த ஜெபவீடும் உபவாசத்துக்கு உட்காரவைக்கக் கூடாது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. முதலில் அங்கே போகட்டும். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து ஜெபிக்க நாம் போகலாம்.

கட்டிவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். நம் பக்கத்து மாவட்டம், நம் அதே கடற்கரை. தர்காவை நாடி வந்தவர்களின் ஊர் அது என்று சொல்லி இன்னொரு மதத்தின் மேல் போட்டுவிட நமக்குத் தகுதி இல்லை. ஜெபவீடுகளில் கட்டிவைத்த கதையைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகள் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். பதிவு பெறாத மறுவாழ்வு இல்லத்துக்கு ஆள் அனுப்பும் போதகர்களை நாங்கள் பெயர் சொல்லாமல் கேட்டுக்கொள்கிறோம்: நிறுத்துங்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கச் சொல்லி விற்கும் பொடியையும் மாத்திரையையும் சபை நோட்டீசில் விளம்பரம் செய்யாதீர்கள். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அப்படிக் கலந்த மருந்தின் மேல் அவர் குடித்தால் இதயமே நின்றுபோகலாம்.

குடியை ஒருவரின் தனிப்பட்ட பாவமாக மட்டும் பார்ப்பவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 5 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குக் குடிப்பழக்கத்துக்கு உதவி தேவைப்படுகிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். மீதி 37 பேர் எங்கே? நம் பெஞ்சுகளிலும் இருக்கிறார்கள். டாஸ்மாக் கடைகளை மூட வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதை இந்த அறிக்கையில் தீர்க்க முயலவில்லை. ஆனால் கடையை எதிர்த்து ஊர்வலம் போகிற சபை, கடையிலிருந்து வெளியே வருகிறவருக்கு ஓர் அறையைத் திறந்துவிடவில்லை என்றால் ஊர்வலத்துக்கு அர்த்தம் குறைவு.

குடியைப் பற்றிப் பேசும்போது சென்னையின் சாந்தி ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியாது. குடியால் கணவரை இளம் வயதில் இழந்தார். அந்தத் துக்கத்தோடு அமெரிக்கா சென்று பயிற்சி பெற்று, 1980இல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் கிறிஸ்தவ ஊழியக்காரர் அல்ல. அதனால்தான் சொல்கிறோம்: தேவன் நம் சபை வாசல் வழியாக மட்டும் வேலை செய்கிறார் என்று எண்ண வேண்டாம். துக்கமும் குடிநோயும் ஒரே வீட்டில் இருப்பதை அவர் கதை காட்டுகிறது. எங்கள் குழுவிலும் அப்படித்தான். குடிக்குக் கணவனைக் கொடுத்தவர் துக்கத்தோடு வருவார். சில மாதம் கழித்து மகனைப் பற்றிப் பேசுவார்.

துக்கத்தைப் பற்றி இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மே மாதத்தில் துப்பாக்கிச்சூட்டில் 13 பேரை இழந்த ஊர் இது. தெற்கே, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களைக் கொண்டுபோனபோது, பலரின் உடல் திரும்பவே இல்லை. கடலில் போனவர் செத்தார் என்று ஏற்கச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. அதுவே அவ்வளவு பொறுமையாக இருக்கும்போது, சபை நாற்பதாம் நாளில் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்? துட்டி வீட்டுக்குப் போய் ஒப்பாரியை நிறுத்தச் சொல்லும் உபதேசியாரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பரலோகத்தில் சந்திப்போம், பிறகேன் அழுகை என்பார். லாசரு பிழைக்கப்போகிறான் என்று தெரிந்தே அவன் கல்லறைக்குப் போன இயேசுவுக்குக் கண்ணீர் வந்ததே! யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது.

துக்கத்தில் மருத்துவ உதவி தேவைப்படும் கட்டமும் உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்வையே முடக்கும் நீடித்த துக்கத்தை ஒரு நோயாக ஏற்றிருக்கிறது. அந்த ஆறு மாதம் வெட்கப்படுத்தக் குறித்த கெடு அல்ல. உதவி கேட்கத் தயங்க வேண்டாம் என்பதற்கான அடையாளம். வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளாமல் அவர் கூடவே இருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அவரோடு சேர்ந்து அழையுங்கள். அது இரவும் பகலும் இயங்கும் இலவச அரசு சேவை.

அடக்கத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்கிறோம். குடியில் இறந்தவருக்கும், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவருக்கும் முழு அடக்க ஆராதனை நடக்க வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களுக்கு நடுவே இடம் வேண்டும். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவருக்கு அடக்க முறைமையை மறுத்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அத்தகைய தடை இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. ரோமே விட்டுவிட்டதை நம் ஊர்க்கமிட்டி பிடித்துவைத்திருக்க வேண்டாம். அடக்கத்தில் பிரசங்கம் செய்பவர் செத்தவரின் குடியைப் பாடமாக எடுக்கவும் வேண்டாம். முன் வரிசையில் அவர் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சபைகளிடம் நாங்கள் கேட்பது பெரிய செலவு அல்ல. வாரத்தில் ஒரு மாலை ஓய்வுநாள் பள்ளி அறையை ஏ.ஏ. கூட்டத்துக்கும், குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்கும் திறந்துவிடுங்கள். யார் வந்தார் என்று கேட்காதீர்கள். அன்பியக் கூட்டங்களிலும் பெண்கள் ஐக்கியத்திலும் துக்கத்தில் இருப்பவர் பேச இடம் கொடுங்கள், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். சாட்சி நேரத்தில் சறுக்கித் திரும்பியவரும் பேசட்டும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, படகு கரையில் நிற்கும் அந்த 61 நாளில், வேலையில்லாக் கை கடை பக்கம் போகாதிருக்கக் கடற்கரைச் சபைகள் தனியாகத் திட்டமிட வேண்டும்.

கடைசியாகத் திருவிருந்துக் கிண்ணம். நொதித்த ரசம் ஊற்றும் சபைகளில், குடியை விட்டு நிற்பவர் ஒவ்வொரு முறையும் பீடத்தின் முன் ஒரு சோதனைக்கு உட்படுகிறார். இதற்கு வழி தேடிய தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் 1869லேயே நொதிக்காத திராட்சைச் சாற்றைத் தயாரித்துக் காட்டினார். நாங்கள் புதுமை எதுவும் கேட்கவில்லை. கத்தோலிக்க முறையில் அப்பத்தை மட்டும் வாங்கினாலே நன்மை முழுமையானது. எனவே கத்தோலிக்க அன்பர்கள் தயங்க வேண்டியதில்லை. மற்றச் சபைகள் வரும் தபசு காலத்துக்குள் நொதிக்காத ரசத்துக்கு மாற வேண்டும், அல்லது அதற்கெனத் தனிக் கிண்ணம் வைக்க வேண்டும். மில்லர்புரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த போதகர்கள், பங்குத்தந்தையர், சபைக் கமிட்டிகள் எல்லோருக்கும் இந்த அறிக்கையை நேரில் தருகிறோம். பதிலை எழுத்தில் தாருங்கள், மறுப்பதானால் காரணத்தோடு.