வரம்பு அறிந்த நீதிமன்றம்

சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டதும் நாடு துண்டாகும் என்று கூக்குரலிடுவோர் ஒரு புறம். சமஷ்டி வந்தால் மத்திய நீதிமன்றம் நம் குறைகளையெல்லாம் தீர்த்துவிடும் என்று மேடையில் முழங்குவோர் மறுபுறம். இரு சாராரும் ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றங்களைச் சற்று உற்று நோக்குதல் நன்று.

1789 முதல் அந்நாட்டில் மாநில நீதிமன்றங்களும் சமஷ்டி நீதிமன்றங்களும் அருகருகே இயங்கி வருகின்றன. காணி, கடன், குடும்பப் பிணக்குகள் பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களுக்கே உரியன. சமஷ்டி நீதிமன்றத்துக்கோ அரசியலமைப்பும் காங்கிரசின் சட்டமும் அளந்து கொடுத்த நியாயாதிக்கம் மட்டுமே உண்டு. குடியியல் வழக்கொன்று அதனுள் நுழைய முக்கியமான வழிகள் இரண்டு. வழக்கு சமஷ்டிச் சட்டத்திலிருந்து எழவேண்டும்; அன்றேல், இரு தரப்பாரும் வெவ்வேறு மாநிலத்தவராய் இருக்க, பிணக்கின் பெறுமதி 75,000 டொலருக்கு மேற்படவேண்டும். வழக்காளி ஒருவரும் எதிராளி ஒருவரும் ஒரே மாநிலத்தவராயின் இரண்டாம் வழி அடைபடும் என்று 1806 இலேயே தீர்க்கப்பட்டது.

இவ்வரம்பு எத்துணை இறுக்கமானது? 1871 இல் புகையிரத விபத்தொன்றிற் காயமுற்ற மொட்லி தம்பதியருக்கு, நட்ட ஈடாக ஆயுள் முழுதும் இலவசப் பயணச் சீட்டு வழங்கக் கம்பனி உடன்பட்டது. 1906 ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டம் இலவசச் சீட்டைத் தடுக்கிறது என்று கூறிப் பின்னர் கம்பனி கைவிரித்தது. தம்பதியர் சமஷ்டி நீதிமன்றத்தில் வென்றனர். கம்பனி மேன்முறையீடு செய்தது. நியாயாதிக்கம் இல்லை என்று எத்தரப்பும் வாதிடவில்லை. ஆயினும் உயர் நீதிமன்றம் தானாகவே அக்கேள்வியை எழுப்பியது. வழக்காளியின் கோரிக்கை ஒப்பந்தத்தில் எழுந்தது. சமஷ்டிச் சட்டமோ எதிராளி சொல்லக்கூடிய மறுப்பில் மட்டுமே வருகிறது. ஆகவே இவ்வழக்கைக் கேட்க அதிகாரம் இல்லை என்று 1908 இல் தீர்ப்பளித்தது. இரு தரப்பும் இசைந்தாலும் இல்லாத அதிகாரம் பிறக்காது என்பதே அங்குள்ள விதி.

இன்னுமொன்று. வெவ்வேறு மாநிலத்தவரின் வழக்கைச் சமஷ்டி நீதிமன்றம் கேட்டாலும், பிணக்கின் உரிமைகளை மாநிலச் சட்டத்தைக் கொண்டே தீர்க்கவேண்டும் என்று 1938 இல் ஈரி புகையிரதக் கம்பனி வழக்கில் விதிக்கப்பட்டது. மத்தியின் நீதிபதி மாநிலத்தின் சட்டத்துக்குத் தலைவணங்குகிறார்! இதுவா நாட்டைத் துண்டாடல்?

நிற்க. நம் நாட்டில் நடந்தது என்ன? 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தை எதிர்த்து கோடீஸ்வரன் வழக்காடினார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கெதிராக வழக்கிட முடியாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969 இல் பிரிவிக் கவுன்சில் அந்த முடிவைத் தள்ளி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு விடை கிடைக்குமுன்னரே 1972 அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையோருக்குக் காப்பாயிருந்த 29 ஆம் பிரிவு மறைந்தது. 1978 அரசியலமைப்பின் 80 ஆம் உறுப்புரையோ, சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராயலாகாது என்கிறது. அங்கே நீதிமன்றத்துக்கு வரம்பு உண்டு, பாராளுமன்றத்துக்கும் உண்டு. இங்கே நீதிமன்றத்துக்கு மட்டுமே வரம்பு!

வயலுக்கு வரம்பு கட்டுபவன் அயலானுக்குப் பகைவனல்லன் என்பதை உழவர் பெருமக்கள் அறிவர். எனவே சமஷ்டி என்ற சொல்லைப் பெற்றதோடு மகிழ்ந்துவிடலாகாது. எந்த வழக்கை எந்த நீதிமன்றம் கேட்கும், யார் வழக்கிடலாம், வரம்பு மீறிய சட்டத்தை யார் தள்ளுவர் என்பவற்றைப் பிரிவு பிரிவாக எழுதிக் கேட்போம். எழுதப்படாத உரிமையை எந்த நீதிபதியும் நமக்கு அளந்து தர இயலாது.