சக்கரம் பூட்டிய கம்ப்யூட்டர்: வாங்குமுன் யோசியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். 500 ஜிபி என்று எழுதி விற்ற ஹார்ட் டிஸ்க்கை இணைத்தால், விண்டோஸ் 465 ஜிபி என்று காட்டும். லேப்டாப் பேட்டரி 10 மணி நேரம் நிற்கும் என்பார்கள். கேம் விளையாடினால் 3 மணி நேரத்தில் படுத்துவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் அளந்த விதம் வேறு, நாம் பயன்படுத்தும் விதம் வேறு.

அமெரிக்காவில் எலெக்ட்ரிக் பிக் அப் டிரக் வாங்கியவர்களும் இதே பாடத்தைப் படித்து வருகிறார்கள். முன்னால் கார் போன்ற இருக்கைகள், பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி. இதுதான் பிக் அப். அங்கே விவசாயி முதல் தச்சர் வரை பலரும் வைத்திருப்பார்கள். விளம்பரங்களில் இது பெரிய படகை இழுத்துக் கொண்டு மலையேறும். என் கருத்து இதுதான்: எலெக்ட்ரிக் பிக் அப் நல்ல வாகனம். ஆனால் விளம்பரம் காட்டும் வேலையில்தான் அது மிகவும் திணறும். அன்றாட வேலைக்கு என்றால் தாராளமாக வாங்கலாம்.

உதாரணத்திற்கு, 2022ல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் வண்டியைப் பார்ப்போம்.

பேட்டரி பெரியதா? சிறியதா?

இதன் பெரிய பேட்டரி 131 யூனிட் மின்சாரம் தரும். நம் வீட்டு மின் கட்டணத்தில் கணக்கிடும் அதே யூனிட்தான். கேட்க மிகப் பெரிதாகத் தோன்றுகிறதா? பெட்ரோல் கணக்கில் சொன்னால், இது சுமார் 15 லிட்டரில் உள்ள சக்திக்குத்தான் சமம். பெட்ரோலில் ஓடும் எஃப்-150 டேங்க்கில் 87 லிட்டரும் அதற்கு மேலும் பிடிக்கும். பெட்ரோல் இன்ஜின் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கிறது. மோட்டார் அப்படிச் செய்வதில்லை. எனவேதான் இவ்வளவு குறைந்த சக்தியில் 320 மைல், அதாவது சுமார் 515 கிலோ மீட்டர் ஓடும் என அரசுச் சோதனையில் சொல்ல முடிகிறது.

பின்னால் உயரமான டிரெய்லர் ஒன்றை மாட்டினால் கதை மாறிவிடும். காற்றைக் கிழித்துச் செல்லவே பெரும் சக்தி செலவாகும். ஓடும் தூரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். பெட்ரோல் வண்டிக்கும் மைலேஜ் குறையத்தான் செய்யும். ஆனால் அது ஐந்து நிமிடத்தில் டேங்க்கை நிரப்பிக் கொண்டு கிளம்பிவிடும். இங்கே வேகமான சார்ஜரிலும் 15 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்திற்கு வர சுமார் 40 நிமிடங்கள். பல சார்ஜ் நிலையங்கள் கார்களை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. டிரெய்லரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் சார்ஜ் செய்ய வேண்டியிருக்கும்.

வீட்டில் என்ன இணைப்பு?

சொந்தக் கார் நிறுத்துமிடம் உள்ளவருக்குத்தான் இந்த வண்டி சுகம். அமெரிக்க வீடுகளின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் செருகினால், காலி பேட்டரி நிரம்ப நான்கு நாட்கள் ஆகும். அந்தக் கால டயல் அப் இணைப்பில் சினிமா டவுன்லோட் செய்வது போலத்தான். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து 240 வோல்ட் சார்ஜர் பொருத்தினால் இரவோடு இரவாக வேலை முடியும். தினமும் 60, 70 கிலோ மீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம். அடுக்கு மாடிக் குடியிருப்பில் பிளக் இல்லாதவர் ஒவ்வொரு முறையும் சார்ஜரைத் தேடி அலைய வேண்டும்.

பெரிய யுபிஎஸ்

பலரும் கவனிக்காத நன்மை ஒன்று உண்டு. இந்த டிரக்கிலிருந்து 9.6 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கலாம். தச்சர் மின் ரம்பத்தை நேரடியாக வண்டியில் செருகலாம். புயலில் மின்சாரம் போனால் வீட்டுக்கே கொடுக்கலாம். ஆனால் அதற்குரிய சாதனத்தைத் தனியாகச் செலவு செய்து வீட்டில் பொருத்தியிருக்க வேண்டும். சராசரி அமெரிக்க வீட்டிற்கு நாளொன்றுக்குச் சுமார் 30 யூனிட் தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு, மூன்று நாட்களைச் சமாளிக்கலாம்.

அப்டேட் எல்லாவற்றையும் சரி செய்யுமா?

விண்டோஸ் போல இந்த வண்டிகளுக்கும் இணையம் வழியாக அப்டேட் வருகிறது. டெஸ்லா சைபர்டிரக்கிற்கு 2024ல் நடந்ததைப் பாருங்கள். திரையில் எச்சரிக்கை விளக்குகளின் எழுத்து சிறியதாக இருந்த குறை, பிப்ரவரியில் அப்டேட் மூலமே திருத்தப்பட்டது. ஏப்ரலில் வேகம் கூட்டும் பெடலின் மேல்தகடு நழுவிச் சிக்கிக் கொள்ளலாம் எனத் தெரிந்ததும், 3,878 வண்டிகளைப் பழுது பார்க்க அழைக்க வேண்டி வந்தது. சாப்ட்வேர் குறைக்கு அப்டேட் போதும், இரும்புக் குறைக்கு மெக்கானிக்தான் வேண்டும்.

விலையும் எதிர்காலமும்

லைட்னிங் 2021ல் அறிமுகமானபோது ஆரம்ப விலை 39,974 டாலர். 2023 மார்ச்சில் அதே அடிப்படை மாடல் 59,974 டாலருக்குப் போய், பின்னர் இறங்கியது. எலெக்ட்ரிக் வாகனங்களுக்கு மத்திய அரசு தந்த 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30 உடன் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் முழு எலெக்ட்ரிக் லைட்னிங் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த மாடலில் பேட்டரியுடன், அதை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரும் இருக்குமாம். நீண்ட தூரம் இழுப்பவருக்கு பேட்டரி மட்டும் போதாது என்பதை ஒப்புக் கொள்வதாகத்தான் இதை நான் பார்க்கிறேன்.

அங்கே உறவினர் யாராவது வாங்கலாமா என்று கேட்டால், மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். இரவில் எங்கே சார்ஜ் செய்வீர்கள்? ஆண்டுக்கு எத்தனை நாள் டிரெய்லர் இழுப்பீர்கள்? உதிரி பாகமும் அப்டேட்டும் எத்தனை ஆண்டுகளுக்கு என எழுத்தில் தருவார்களா? அடுத்த பிரிண்டரோ லேப்டாப்போ வாங்கும்போது நீங்களும் இதே போலக் கேட்கலாம். பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படிக்கும் முன், நாம் செய்யப் போகும் வேலையை எழுதி வைத்துக் கொள்வது நல்லது.