சீட்டித் துணியும் சித்திரக் கலையும்

சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்பெறுவதே சித்திரம், உடம்பில் உடுத்தப்பெறுவது வெறுந்துணியே என்று பிரித்துப் பேசும் வழக்கம் கற்றோரிடத்தும் உண்டு. அவ்வழக்கம் தகாது என்பது என் துணிபு. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இங்கிலாந்தில் பெருவழக்காயிருந்த பூவச்சுப் பருத்தி உடைகளையே இதற்குச் சான்றாகக் கொள்வேன்.

பிரெஸ்டன் நகரத்தில் 1791-ஆம் ஆண்டு ஜான் ஹாரக்ஸ் என்பார் தொடங்கிய பஞ்சாலைத் தொழில் வழிவழியாக வளர்ந்து வந்தது. அவ்வாலையார் 1946-ல் ஆயத்த உடைகளுக்கென ‘ஹாரக்ஸஸ் பாஷன்ஸ்’ என்னுங் கிளையை நிறுவினர். பருத்திக் கவுன் வீட்டு வேலைக்கே உரியதென்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. அதனை விருந்துக்கும் உலாவுக்கும் உரியதாக உயர்த்தியது பெரும்பாலும் அதன்மேல் அச்சிட்ட சித்திரமேயாம். 1953-54-ல் காமன்வெல்த் நாடுகளைச் சுற்றி வந்த எலிசபெத் அரசியாரும் இவ்வாலையின் உடைகளை அணிந்தார். கிரகாம் சதர்லண்டு, எடுவர்டோ பாவ்லோட்சி முதலிய புகழ்பெற்ற கலைஞரும் இவ்வாலைக்குச் சித்திரம் வகுத்துதவினர்.

பேரோவியர் துணிக்கு இறங்கி வந்தனரே என்று வியந்து எழுதுவோர் பலர். இறங்கி வந்தனர் என்பதை யான் ஒப்பேன். ஓவியனது படத்துக்கு நான்கு எல்லைகள் உண்டு. துணிச் சித்திரத்துக்கோ எல்லையே இல்லை. அதன் அடிவிளிம்பு மேல்விளிம்போடு பொருத்துவாய் தெரியாமல் இசைதல் வேண்டும். செப்பு உருளையில் அச்சிடுவதாயின், அவ்வுருளையின் சுற்றளவுக்குள் சித்திரம் அடங்க வேண்டும். வண்ணம் ஒன்றுக்கு உருளை ஒன்றாகச் செதுக்க வேண்டும். செதுக்கு கூலியோ மிகுதி. பல்லாயிரங் கஜம் விற்றாலன்றி முதல் திரும்பாது. ஆதலின் புதுமைக்கு ஆலையார் அஞ்சினர். சட்டத்திற் கட்டிய மெல்லிய வலையின் வழியே சாயத்தைத் தேய்த்து அச்சிடும் முறை பரவிய பின்னரே, சிறிதளவு அச்சிட்டுப் பார்க்கும் துணிவு பிறந்தது.

இம்மட்டோ! கத்தரிக்கோலும் வருகின்றது. தோளில் பாதி மலர், இடையில் மற்றைப் பாதி. மேசைமேல் விரித்தபோது கண்ணைக் கவர்ந்தது, கொசுவத்தின் மடிப்பில் மாய்ந்தொழியக்கூடும். உடுத்தவள் நடக்க, கோடும் மலரும் உடன் அசையும். இவையனைத்தையும் முன்னரே கண்டு வரையும் கை எளிய கையன்று.

அக்கைகளுள் ஒன்று, 1953-ல் ஹாரக்ஸஸில் சேர்ந்த பாட் ஆல்பெக் அம்மையாரது. ஆயினும் உடையின் உட்புறத்தே தைத்த பெயர்ச்சீட்டில் விளங்கியது ஆலையின் பெயரே. உருளை செதுக்கியவரையோ கேட்பாரில்லை.

இக்குறை நமக்குப் புதிதன்று. நம் மூதாட்டியர் ‘சீட்டி’ என்றதும் ஆங்கிலர் ‘சின்ட்ஸ்’ என்பதும் ஒரே வேர்ச்சொல்லின் இரு வடிவங்கள். சோழமண்டலக் கரையினின்று சென்ற அத்துணி, ஆங்கிலக் கம்பளி, பட்டு நெசவாளரை எவ்வளவு கலக்கியதெனில், பூவச்சுப் பருத்தியை உடுத்தலாகாதென்று 1721-ல் அந்நாட்டார் சட்டமே செய்தனர். சட்டத்தின் ஆண்டை அறிவோம். அத்துணியை எழுதிய நம்மவருள் ஒருவர் பெயரையேனும் நம்மிற் சொல்ல வல்லார் யாவர்?

பிரெஸ்டன் உடைகள் இன்று அருங்காட்சிச்சாலைகளிற் பேணப்படுகின்றன. ஆங்குக் குறிப்பு எழுதுவோர், சித்திரம் வகுத்தவரை அறிந்துழி அவர் பெயரை ஆலையின் பெயருக்கு முன்னே பொறித்தல் வேண்டும். அறியாவிடத்து ‘பெயர் தெரிந்திலது’ என்றேனும் எழுதல் வேண்டும்.