பெருந்தொற்றில் கரைந்த சேமநிதி

முன்பெல்லாம் இ.பி.எப். பணம் என்றால் நம் வீடுகளில் ஒரு பயம் கலந்த மரியாதை இருந்தது. வீடு வாங்க, பிள்ளையைப் படிக்க வைக்க, பெரிய வைத்தியத்துக்கு எடுப்பார்கள். மற்றபடி 55 வயது வரை அது இல்லாத பணம்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சுற்றுப்பயணிகளை நம்பிப் பிழைத்த ஜார்ஜ்டவுனில் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் அடங்கிப் போயின. தினக்கூலிக்காரர் வீட்டில் மறுநாளே அடுப்புக்குப் பிரச்சினை. அரசாங்கம் என்ன செய்தது? நம் சேமநிதியைத் திறந்துவிட்டது! ஐ-லெஸ்தாரியில் மாதம் 500 வெள்ளி வரை, அடுத்து ஐ-சினார், 2021இல் ஐ-சித்ராவில் 5,000 வெள்ளி, 2022இல் சிறப்பு மீட்பாக 10,000 வெள்ளி. நான்கிலும் சேர்த்து ஏறக்குறைய 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. அவ்வளவும் தொழிலாளியின் சொந்தப் பணம்.

விளைவு? 2022 இறுதியில், 55 வயதுக்குக் குறைந்த சந்தாதாரர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கணக்கில் 10,000 வெள்ளிகூட இல்லை. மாதம் ஆயிரம் வெள்ளி செலவழித்தால் பத்தே மாதத்தில் தீர்ந்துவிடும். வாரியமே அப்போது 55 வயதில் குறைந்தது 240,000 வெள்ளி வேண்டும் என்று சொல்லி வந்தது.

"நம்மவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது" என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. கேட்டால் கோபம் வருகிறது. வாடகையும் பால்மாவும் காத்திருக்குமா? அன்று எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் கவலை அதற்குப் பின் வந்த பழக்கம். தொடக்கூடாத பணம் என்ற எண்ணமே போய்விட்டது. 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கில் 50 வெள்ளி இருந்தாலே எடுக்கலாம். புதிய சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. கைப்பேசியில் இரண்டு தட்டு தட்டினால் பணம் வந்துவிடுகிறது, தீபாவளிச் செலவுக்கும் அதுவே.

அதுவும் தீர்ந்தால் கூட்டு, அல்லது ஆலோங். கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்துவிட்டது. கூட்டுத் தலைவி ஓடிவிட்டால் அந்தப் பணத்தை வழக்குப் போட்டு வாங்குவது எளிதல்ல. வட்டிக்கடையில் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடுதான் சட்டத்தின் உச்சவரம்பு. ஆலோங் ஒரே மாதத்தில் அதைக் கறந்துவிடுவான்.

சேமநிதியே இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். துப்புரவுப் பணியிலும் பாதுகாவலர் வேலையிலும் இருக்கும் நம்மவர் பலரிடம் குத்தகையாளர் சந்தாவைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுகிறார். 1991ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டப்படி அது குற்றம். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கணக்கைத் திறந்து பாருங்கள். விடுபட்டிருந்தால் சம்பளச் சீட்டோடு வாரிய அலுவலகத்தில் புகார் கொடுங்கள். சீட்டே தருவதில்லையென்றால் வங்கிப் புத்தகம், வருகை அட்டை, வேலைச் சீருடையில் எடுத்த படம், எது கிடைத்தாலும் கொண்டுபோங்கள்.

சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்கள், வீட்டில் பலகாரம் செய்து விற்கும் அம்மாக்கள், ஐ-சாரானில் சேரலாம். 2025இல் அரசாங்கம் அதில் போடும் பங்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. 145 பில்லியனை எடுக்க வைத்த அரசாங்கத்திடம் இன்னும் கூடுதலாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு, குறிப்பாகக் கணக்கில் பத்தாயிரம்கூட இல்லாதவர்களுக்கு.