சும்மா கிடைப்பது சோடை இல்லை

உயிரியல் ஆய்வகம் நடத்துகிறவர்களிடம், மாதிரிகளின் கணக்கை வைத்துக்கொள்ள நல்ல இலவச மென்பொருள் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "சும்மா கிடைப்பதை நம்பி ஆராய்ச்சியை ஒப்படைக்க முடியுமா?" என்பார்கள். அப்படிக் கேட்பவர்களில் பலர் அந்தக் கணக்கை எக்செல் தாளில்தான் வைத்திருக்கிறார்கள். சும்மா கிடைப்பதை நம்ப முடியாது என்ற எண்ணம் தவறு. நம் ஆய்வகங்களுக்குப் பெருங்கேடும்கூட.

எக்செல் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்தான். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்செல் கோப்பில் கொரோனா முடிவுகளைக் கொட்டியது. அந்தக் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. 15,841 தொற்றாளர்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனார்கள். 'மார்ச்1' என்ற மரபணுப் பெயரை எக்செல் தேதியாக மாற்றித் தொலைத்ததால், அதே ஆண்டு அந்தப் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

மாதிரி ஒன்றின் விவரம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சான்று உண்டு. மாமல்லபுரத்தைத் தாண்டி வடக்கே போனால் வடநெம்மேலி. 1978-இல் அங்கே தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்கு விஷம் தருகிறது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, சில வாரங்களில் காட்டில் விட்டுவிடுவார்கள். விடுமுன் வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு. அதே பாம்பு மறுபடி சிக்கினால் அடையாளம் தெரிந்துவிடும். ஒரே இனப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுவதையும், இங்கே எடுத்த விஷத்தால் செய்த மருந்து வேறு மாநிலங்களில் சில இடங்களில் சரியாக வேலை செய்யாததையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிடித்த இடம் தெரியாத விஷக் குப்பியை வைத்துக்கொண்டு இப்படி எதையும் கண்டறிய முடியாது.

ஆய்வக ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். ஒரு பெட்டியில் 81 குழிகள், ஒவ்வொன்றிலும் விரல் நுனி அளவுக் குப்பி, மூடியில் மார்க்கர் எழுத்து. உறைபனியில் அது அழிந்தால், எழுதிய மாணவர் படிப்பு முடிந்து போய்விட்டால், பெட்டி முழுவதும் வீண். எந்தக் குப்பி எந்த அடுக்கில், எதிலிருந்து பிரித்தது, எத்தனை முறை உருக்கியது, பதிவை யார் எப்போது திருத்தினார் என்று வைத்துக்கொள்ளத்தான் முதலில் சொன்ன இலவச மென்பொருள்கள். சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஓபன்பிஸ்' இலவசம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேர்விட்ட 'ஓபன்ஸ்பெசிமென்' இன்று புனே நிறுவனம் ஒன்றின் கையில் வளர்கிறது. அதற்கும் இலவசப் பதிப்பு உண்டு.

"கெட்டுப்போனால் யாரைக் கேட்பது?" என்பது நியாயமான கேள்வி. காசு கொடுத்தால் உதவி செய்ய அந்தப் புனே நிறுவனமே இருக்கிறது. ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்கப் பணமில்லாத ஆண்டில், விலை கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குள் பூட்டிக் கிடக்கும் நம் தரவை யாரிடம் கேட்பது? மூன்றாண்டுத் திட்டம் முடிந்துவிடும். குப்பிகள் அதன் பிறகும் இருக்கும்.

சர்வர், பேக்கப், பயிற்சி எல்லாவற்றுக்கும் செலவு உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. திட்ட நிதி கேட்கும்போது ஃப்ரீசருக்குத் தயங்காமல் தொகை போடுகிறோம். தரவைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் சம்பளத்தையும் அதே பட்டியலில் சேருங்கள். நிதி தரும் துறைகள் அதை வெட்டாமல் இருக்கட்டும்.